நேரலையில் ஒரு தடங்கல்

2023 ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை. அஸர் தொழுகை முடிந்து, மஃரிபுக்குச் சற்று நேரமே எஞ்சியிருந்தது. நம் இல்லத்தார் அனைவரும் கூடத்தில் தொலைக்காட்சியின் முன் குழுமியிருந்தோம். சந்திரயான்-3 நிலவில் இறங்கும் காட்சி இணையத்தின் வாயிலாக நேரலையில் வந்துகொண்டிருந்தது.

நம் உம்மாவுக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. 1969 ஜூலையில் மனிதன் நிலவில் கால் வைத்த செய்தியைத் தம் வாப்பாவின் வானொலிப் பெட்டியருகே அமர்ந்து கேட்டவர். 2019 செப்டம்பர் 7ஆம் நாள் பின்னிரவில் கண்விழித்திருந்து, சந்திரயான்-2இன் விக்ரம் கலம் தரையை எட்டுமுன் தொடர்பிழந்ததைக் கண்டு, அன்றைய பகல் முழுவதும் வாடியிருந்தவர். இம்முறை திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என அறிந்ததும், ‘நம்ம ஊருப் பிள்ளை’ என்று உரிமை கொண்டாடி, பிற்பகல் முதலே மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

மணி ஆறைத் தாண்டிற்று. கலம் இன்னும் சில நூறு மீட்டர் இறங்க வேண்டும். படம் அப்படியே நின்றது. திரையின் நடுவே ஒரு வட்டம் சுழலத் தொடங்கியது.

“என்ன வாப்பா, இதுவும் போச்சா?” என்றார் உம்மா. குரல் தழுதழுத்தது.

“இல்லை உம்மா, நம் வீட்டுப் படந்தான் நின்றிருக்கிறது” என்றோம். ஆனால், உறுதியாகச் சொல்ல நமக்கே வகையில்லை. 2019இலும் திரையிலிருந்த கோடு இப்படித்தான் பாதியில் நின்றது! அதற்குள் கேபிள் இணைப்புள்ள அடுத்த வீட்டில் கைதட்டலும், தெருவில் பட்டாசும் கேட்டன. நம் திரை உயிர்பெற்றபோது விஞ்ஞானிகள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டிருந்தனர். மீண்டும் போட்டுக் காட்டுவதாகச் சொன்னோம். “முடிஞ்சதைப் பார்க்கவா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்?” என்று எழுந்து, ஒளூச் செய்யச் சென்றுவிட்டார்.

நமக்கு வந்த சினத்தை என்னென்பது! இணைப்புத் தந்த இளைஞரைத் தொலைபேசியில் அழைத்து, சொல்லத் தகாதனவும் சொன்னோம். மறுபேச்சின்றிக் கேட்டுக்கொண்ட அவர், மறுநாள் காலை ஏழு மணிக்கே வாசலில் நின்றார்.

“பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிக்கம்பியில் பழுது, பாய். இங்கே பச்சைதான் எரிகிறது” என்றவர், பெட்டியருகே நின்று கைப்பேசியில் வேகத்தை அளந்தார்: 40 மெகாபிட். கூடத்தில் தொலைக்காட்சியருகே அளந்தார்: 3. தெளிவான படத்துக்கு ஐந்தாவது வேண்டுமாம். இடையில் வாப்பா காலத்துச் சுண்ணாம்புச் சுவர், ஒன்றரை அடிக் கனம். பெட்டியோ உள்ளறையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால், பூவேலைத் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அந்த இடம் நாம் தேர்ந்தெடுத்தது. போதாததற்கு, அந்நேரத்தில் மைத்துனர் மகன் திருமணப் படங்களை அயலூருக்கு ஏற்றிக்கொண்டிருந்தானாம். மருமகள் இருவரும் அடுக்களையில் அதே நேரலையைத் தத்தம் கைப்பேசியில் பார்த்தனராம். (ஒரே வீட்டில் ஒரே காட்சிக்கு மூன்று திரை!)

“அப்படியானால் சினிமாப் படம் மட்டும் தடையின்றி ஓடுகிறதே?” என்று விடாமல் வழக்காடினோம்.

அதற்கு அவர் தந்த விளக்கம் நம் மனத்தில் பதிந்தது. பழைய படம் முழுவதும் எங்கோ தயாராக இருக்கிறது. ஆகவே கருவி சில நிமிடக் காட்சியை முன்கூட்டியே வாங்கிச் சேமித்துக்கொள்ளும். வரத்து சற்றுக் குறைந்தாலும் கையிருப்பு தாங்கும். நேரலையிலோ அடுத்த நிமிடம் இன்னும் நிகழவேயில்லை. நிகழ நிகழச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறார்கள். கையிருப்பில் அத்தகைய துண்டுகள் இரண்டோ மூன்றோதான். அவை தீர்ந்தால் வட்டம் சுழல வேண்டியதுதான்.

நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். “வயசான அம்மா பார்க்க முடியாமப் போச்சேன்னுதானே பாய் கோபப்பட்டீங்க” என்றார். அச்சொல் ஏச்சினும் கூடுதலாகச் சுட்டது. அவர் வந்திராவிடில், குற்றம் அவருடையதென்றே இன்றளவும் நம்பியிருப்போம்.

பெட்டியை அவர் கூடத்துக்கே கொண்டுவந்து, உயரமான மரப்பலகையில் திறந்தவாறு வைத்தார். அங்கிருந்து தொலைக்காட்சிக்கு நேரே ஒரு கம்பி இழுத்தார். கம்பியில் வந்தால் சுவருமில்லை, அடுத்த வீட்டு அலைகளின் நெரிசலுமில்லை. அந்தக் கம்பி சுவரின் அழகைக் கெடுக்கிறதென்று உம்மாவுக்கு இன்றும் குறைதான்.

செப்டம்பர் 2ஆம் நாள் முற்பகல் 11.50க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா-எல்1 புறப்பட்டது. பிள்ளைகளின் கைப்பேசிகளை முன்னதாகவே அணைக்கச் செய்திருந்தோம். வட்டம் தலைகாட்டவில்லை. ஆயினும், நம் திரையில் எண்ணிக்கை முடியுமுன்பே அடுத்த வீட்டுச் சிறுவர்களின் ஆரவாரம் கேட்டது.

“இன்னுமா நாம பிந்தி இருக்கோம்?” என்றார் உம்மா.

நறுக்கி, அனுப்பி, சேர்த்துக் காட்டுவதற்குள் அரை நிமிடமளவு பிந்தத்தான் செய்யும், அதற்கு நம் வீட்டில் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்று விளக்கினோம். உம்மா திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

“அப்ப அந்த ஜன்னலைச் சாத்து” என்றார்.