ஊர்ப் பெயரைச் சொல்லாமல் ஏறிய மலை

எங்கட ஊரில் ஏற்றம் என்றால் கிண்ணியாப் பாலம்தான். 2009இல் அது திறக்கும் வரைக்கும் அந்த ஏற்றமும் இல்லை. சைக்கிளோடு பாதையில் ஏறி நின்றுதான் சனம் அக்கரைக்குப் போனது. அப்படியான ஊர்க்காரர் நாலு பேர் நுவரெலியாவுக்கு மிதிக்கப் போகிறோம் என்றதும் சந்தியில் எல்லாரும் சிரித்தார்கள்.

சைக்கிள்கள் 2022இல் கைக்கு வந்தவை. பெற்றோல் வரிசையில் நின்று களைத்த நாட்களில் வாங்கியது இரண்டு. மற்ற இரண்டும் வாப்பாமார் கொட்டிலில் போட்டிருந்த பழசு, கியரே கிடையாது. வரிசை முடிந்த பிறகும் மிதிக்கிற பழக்கம் விடவில்லை.

வீட்டில் பயம் வேற மாதிரி. "அந்தப் பக்கம் ராவில தங்காதீங்க மகன்" என்றார் ஓர் உம்மா. 2018 மார்ச்சில் திகனயில் நடந்தது அவருக்கு மறக்கவில்லை. எங்களுக்கும்தான். அதனால் புறப்படும்போதே ஒரு முடிவு எடுத்தோம்: ஆராவது எந்த ஊர் என்று கேட்டால் 'திருகோணமலை' என்று மட்டும் சொல்வது.

தம்பலகாமம், கந்தளாய், ஹபரண என்று முதல் நாள் சமதரை. ஆனைக் காடு என்பதால் பொழுது சாய முதலே ஹபரணயைப் பிடித்தோம். மலை தொடங்கியது மாத்தளைக்கு அப்பால், பலகடுவ ஏற்றத்தில். கியர் இல்லாத இரண்டும் இறங்கித் தள்ள, மற்ற இரண்டும் வெட்கத்தில் கூட இறங்கின.

ஏற்றத்தின் நடுவில் ஒரு தேத்தண்ணிக் கடை. ஐயா ஒருவர் தண்ணீர் நீட்டி, எங்கிருந்து என்று சிங்களத்தில் கேட்டார். பேசி வைத்தபடி சொன்னோம். "திருகோணமலையில் எங்கே?" என்றார். எங்களில் சின்னவன் வாய் தவறி "கிண்ணியா" என்றான். ஐயாவின் முகம் மலர்ந்தது. "மீகிரி!" என்றார். எங்கட எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்கிப் போன கதையைச் சொல்லிக் கொண்டே பிளேன்ரீ ஊற்றினார். காசு வாங்கவில்லை. ஒரு பிளேன்ரீயில் திகன அழிந்துவிடாது. ஆனாலும் தலை குனிந்துதான் குடித்தோம்.

அன்றிரவு அக்குறணையில் தங்கினோம். அடுத்த நாள் கம்பளையோடு நின்று, அதற்கடுத்த நாள் விடியப் புறப்பட்டோம். அங்கிருந்து நுவரெலியா ஏறத்தாழ 1,400 மீற்றர் மேலே. புசல்லாவைக்கு மேல் மிதித்ததை விடத் தள்ளியதுதான் கூட.

றம்பொடைப் பக்கம் கொழுந்துக் கூடையோடு நின்ற அக்கா ஒருவர் கேட்டார்: "பஸ்ஸு ஓடுதே தம்பி, ஏன் இந்தப் பாடு?" இந்த முறை நாங்களாகவே கிண்ணியா என்றோம். கடல் சத்தத்தில் தூக்கம் வருமா என்று கேட்டார். அவருடைய ஊரைக் கேட்டபோது சிரித்தார். "எங்க தாத்தா காலத்துல இருந்தே இந்தத் தோட்டந்தான். ஆனா டவுனுக்குப் போனா இன்னமும் எந்த ஊருன்னுதான் கேக்குறாங்க."

1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சனத்தின் பேத்தி அவர். பள்ளிக்கூடத்தில் நாங்கள் அதை நாலு வரியில் பாடமாக்கி எழுதியிருக்கிறோம். மிச்ச ஏற்றம் முழுக்க ஒருவரும் பேசவில்லை.

நுவரெலியாவில் குளிர். படம் எடுக்கவும் கை நடுங்கியது. திரும்பும்போது இறக்கத்தில் பிரேக் கட்டை சூடாகி மணந்தது; அடிக்கடி நிறுத்தி ஆறவிட்டு இறங்கினோம்.

அடுத்த பயணம் பதுளைப் பக்கம். சைக்கிளின் பின்னால் சின்னப் பலகை ஒன்று கட்டுவதாக இருக்கிறோம். அதில் மூன்று மொழியிலும் 'கிண்ணியா' என்று எழுத வேண்டும். உம்மாமாரிடம்தான் இன்னும் சொல்லவில்லை.