தூரம் மட்டும் போதும்

அப்பா லால்குடி ஒன்றியத்தில் கிராம சேவக்காக இருந்தார். அவருடைய ராலி சைக்கிளின் கேரியரில் ஒரு காக்கித் துணிப்பை எப்போதும் செருகியிருக்கும். அதற்குள் டூர் டைரி. பயணப்படி வாங்க அதை எழுதியாக வேண்டும். தேதி, புறப்பட்ட நேரம், போன ஊர், கிலோமீட்டர், போன காரியம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். மாதக் கடைசியில் மேலதிகாரியின் கையெழுத்து விழும். அவர் போன பிறகு பரணில் அந்த டைரிகள் கிடைத்தன. “அன்பில். ஐ.ஆர்.8 நாற்றங்கால் பார்த்தேன். திரும்பும்போது மழை. கோயில் மண்டபத்தில் ஒரு மணி நேரம் நின்றேன்.” இப்படித்தான் எல்லாப் பக்கங்களும். எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார் என்று ஓரிடத்தில்கூட இல்லை. மழைக்கு ஒதுங்கிய மண்டபம் இருக்கிறது.

நானும் சைக்கிள் ஓட்டுகிறேன். ஐம்பது வயதுக்குமேல், மருத்துவர் சொன்னதற்காகத் தொடங்கி, பிறகு அதற்காக மட்டும் என்றில்லாமல் ஆகிவிட்டது. வீடு ஸ்ரீரங்கத்தில். விடியுமுன் கிளம்பி, திருவானைக்காவல் தாண்டி, பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணை வரை போய்த் திரும்புவேன். வலப்பக்கம் காவிரி, இடப்பக்கம் வாழைத்தோட்டம், அதற்கும் அப்பால் கொள்ளிடம். இரண்டு ஆறுகளுக்கு நடுவே போகிற இந்தச் சாலைக்கு ஈடாக நான் ஓட்டிய வேறு சாலை எதையும் சொல்ல மாட்டேன். போக வர 34 கிலோமீட்டர்.

காலையில் கூட ஓட்டும் நண்பர்கள்தான் அந்தச் செயலியை என் போனில் போட்டுக் கொடுத்தார்கள். தூரமும் வழியும் தானாகப் பதியும் என்றார்கள். பதிந்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. யாரோ ஒருவர் உத்தமர்சீலியிலிருந்து அணைக்கட்டுப் பக்கம் வரை ஒரு துண்டைக் குறித்து, அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். அந்தத் துண்டைக் கடக்கிற ஒவ்வொருவரின் நேரத்தையும் செயலியே பிரித்தெடுத்து வரிசைப்படுத்தும். முதலில் இருப்பவருக்குக் கிரீடம். நான் நாற்பத்தொன்றாவதாக இருந்தேன். ஒன்றுமே செய்யாமல் ஒரு பட்டியலில் சேர்ந்துவிட்டேன், சேர்ந்த பிறகு அதில் மேலே போகத் தோன்றியது. பதினேழு ஆனது. ஆறானது. “சார், இன்னும் ரெண்டு செகண்ட் அடிச்சா அஞ்சாவது வந்துரலாம்” என்றார் ஒரு தம்பி. அன்பாகத்தான் சொன்னார்.

2023-இல் மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்தார்கள். அந்த வாரமே ஒரு காலை. முந்தின நாள்வரை மணலாகக் கிடந்த ஆற்றில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கரையோரம் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒரு பெண் கையில் மஞ்சள், குங்குமம், பூ. சிறுவர்கள் தண்ணீரின் முன்விளிம்புக்குச் சமமாகக் கரையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, “வந்துருச்சுங்க!” என்றார். நான் துண்டின் நடுவில் இருந்தேன். நிற்கவில்லை. தலையைக் குனிந்து மிதித்தேன்.

அன்று ஐந்தாவது இடம் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா திண்ணையிலிருந்து கேட்டாள். “தண்ணி வந்துருச்சாமே? எப்படி வருது? நுரையா, தெளிவா?” அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது, படி இறங்க முடியாது. ஆண்டுதோறும் அவளுக்கு நான் சொல்லும் செய்தி அது. “வருதும்மா” என்றேன். நுரை இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அதன் சத்தம் எப்படி இருந்தது என்றும் தெரியவில்லை. தண்ணீர் வந்த நாளில் அதன் பக்கத்திலேயே இருபது நிமிடம் ஓட்டியிருக்கிறேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அன்று மாலையே செயலியில் என் பயணங்களை யாரும் பார்க்க முடியாதபடி மாற்றினேன். போட்டிப் பட்டியலிலிருந்தும் விலகினேன். அதற்கெல்லாம் வழி இருக்கிறது. ஆனாலும் பழைய பட்டியல் எங்கே இருக்கும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. ஒரு வாரத்துக்குள் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டேன். பட்டியலே இல்லாத ஒரு செயலிதான் வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன்.

போட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பந்தயச் சாலையில் பந்தயம் ஓட்டுபவர்கள் ஓட்டட்டும், அது அழகான விளையாட்டு. ஆட்டுமந்தையும் பள்ளிப் பிள்ளைகளும் வாழைத்தார் வண்டியும் போகிற ஊர்ச்சாலையில், யாரிடமும் கேட்காமல் ஒரு பந்தயத்தை வரைந்து வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பந்தயத்தின் கணக்கும் அத்தனை உறுதியானதல்ல. போனுக்குள் இருக்கும் ஜிபிஎஸ், ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞையைக் கொண்டு நாம் நிற்கும் இடத்தைக் கணிக்கிறது. திறந்த வெளியிலேயே போனில் ஐந்து மீட்டர் அளவுக்குப் பிசகு வரும். புளியமரங்கள் கவிந்த இடத்தில் இன்னும் கூடும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு எட்டு மீட்டருக்குச் சற்று மேல் போகிறோம். அப்படியானால் துண்டின் தொடக்கத்தில் ஒரு அரை நொடியும் முடிவில் ஒரு அரை நொடியும் யார் கையிலும் இல்லை. நான் தண்ணீரைப் பார்க்காமல் மிச்சம் பிடித்தது இரண்டு நொடி.

தேடத் தொடங்கியபோது எனக்கு வேண்டியவை மூன்றே. பெயர், மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்கச் சொல்லக் கூடாது. பதிவு என் போனிலேயே இருக்க வேண்டும். நாளைக்கு வேறு செயலிக்கு மாறினால் பழைய பயணங்களையும் எடுத்துக்கொண்டு போக முடிய வேண்டும். இந்த மூன்றாவதற்கு ஜிபிஎக்ஸ் என்ற கோப்பு வடிவம் இருக்கிறது. 2002-இல் வந்தது. பெரும்பாலான வரைபடச் செயலிகள் படிக்கும். அதைச் சாதாரண எழுத்துக்கோப்பாகவே திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் என்று வரிவரியாக இருக்கும். முதன்முதலில் திறந்து பார்த்தபோது அப்பாவின் டைரிக் கட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன.

முதலில் போட்டுப் பார்த்த ஒன்றில், திரை அணைந்த சிறிது நேரத்தில் பதிவு நின்றுவிட்டது. கிளிக்கூட்டிலிருந்து வீடு வரை ஒரே நேர்கோடு, ஆற்றின்மேல் பறந்து வந்ததுபோல. போன் சார்ஜை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னால் ஓடும் செயலிகளை நிறுத்திவிடுகிறது. அமைப்புகளில் போய், இந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாடு வேண்டாம் என்று குறித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். புதிதாகத் தேடுகிறவர்கள் எந்தச் செயலியையும் குறை சொல்வதற்குமுன் இதைச் செய்துவிடுங்கள்.

கடைசியில் ஓப்பன்டிராக்ஸில் நின்றேன். ஆண்ட்ராய்டு போன்களுக்கானது. இலவசம், மூலநிரலும் திறந்தது. இணைய அனுமதியையே கேட்காத செயலி அது. ஆகவே நான் எங்கே போனேன் என்பதை அது யாருக்கும் அனுப்ப வழியில்லை. உள்ளே வரைபடம்கூடக் கிடையாது. வழியைப் பார்க்க வேண்டுமென்றால் போனில் உள்ள வேறொரு வரைபடச் செயலிக்குக் கைகாட்டும். இதைக் குறை என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஆஸ்மேண்ட் என்ற செயலி பொருந்தும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, இணையம் இல்லாமலே வழியைப் பதியலாம்.

இத்தனை மறைவு எதற்கு என்று அந்தத் தம்பி கேட்டார். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற பயணப் பதிவுச் செயலியின் நிறுவனம் தன் பயனர்கள் ஓடிய, ஓட்டிய தடங்களையெல்லாம் ஒன்றுசேர்த்து உலக வரைபடத்தில் ஒளிக்கோடுகளாக வெளியிட்டது. அடுத்த ஜனவரியில், பாலைவனங்களின் இருட்டுக்கு நடுவே சில கோடுகள் பளிச்சென்று தெரிவதை ஆட்கள் கவனித்தார்கள். ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய தடங்கள் அவை. நான் ராணுவத்தில் இல்லை. ஆனால் தினமும் விடியுமுன் என் வீட்டு வாசலில் தொடங்கி அங்கேயே முடிகிற ஒரு கோடு இருக்கிறது, அப்போது வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாள். எனக்கு அந்தக் காரணம் போதும்.

எண்களே வேண்டாமா என்றால், வேண்டும். எண்களில் எனக்குப் பிரியம் உண்டு. என் மனதுக்குப் பிடித்த சைக்கிள் எண்ணை உண்டாக்கியவர் ஆர்தர் எடிங்டன், இங்கிலாந்தின் பெரிய வானியலாளர். இத்தனை மைல், குறைந்தது அத்தனை நாள் என்பதுதான் கணக்கு. 75 என்றால், வாழ்நாளில் எழுபத்தைந்து தனித்தனி நாட்களில் எழுபத்தைந்து மைலோ அதற்கு மேலோ ஓட்டியிருக்க வேண்டும். அதை 76 ஆக்க, சரியாக 75 மைல் ஓட்டிய நாளெல்லாம் கழிந்துவிடும். 1935 ஜனவரியில் லண்டனில் வானியலாளர்கள் கூட்டத்தில் நம் விஞ்ஞானி சந்திரசேகரின் விண்மீன் ஆய்வை எல்லோர் முன்பும் மறுத்துப் பேசியவரும் இதே எடிங்டன்தான். அந்தக் காயத்துக்குப் பிறகும் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். தன் சைக்கிள் எண் இப்போது எவ்வளவு, எத்தனை பயணம் இன்னும் தேவை, கால் மைல் குறைந்ததால் எவை சேரவில்லை என்பதையெல்லாம் எடிங்டன் சந்திரசேகருக்கு எழுதினார். அவருடைய எண் கடைசியில் 84-இல் நின்றது. சந்திரசேகரின் சிற்றப்பா சி.வி. ராமன் பிறந்த ஊர் திருவானைக்காவல். என் காலைச் சாலை தொடங்கும் இடம். அந்தத் தெருக்களைக் கடக்கும்போது அந்தக் கடிதங்களை நினைத்துக்கொள்வேன்.

நானும் ஒரு நோட்டில் இந்தக் கணக்கைப் போடுகிறேன், கிலோமீட்டரில். வெகுநாள் 34-லேயே நின்றது. கல்லணை போய்வந்தால் 34, ஆகவே அதற்குமேல் ஏற வழியில்லை. அதற்காகவே அணையைத் தாண்டி ஓட்டத் தொடங்கினேன். ஒருநாள் கோவிலடி வரை போய், அப்பக்குடத்தானைச் சேவித்துவிட்டு வந்தேன். இதுவும் ஒரு ஆசைதானே என்று கேட்டால், ஆசைதான். ஆனால் இதில் எனக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் இல்லை. வேகமாக மிதித்து இந்த எண்ணை ஏற்ற முடியாது. இன்னொரு நாள் கிளம்பினால்தான் ஏறும்.

என் தம்பி மகன் சென்னையில் பிஆர்எம் என்ற நெடுந்தூரப் பயணத்தில் 200 கிலோமீட்டர் ஓட்டினான். பிரெஞ்சுக்காரர்கள் நூறாண்டுகளாக நடத்திவரும் முறை அது. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், வழியில் குறித்த இடங்களில் அட்டையைக் காட்டிப் பதிய வேண்டும். தரவரிசை கிடையாது. அவன் பதின்மூன்று மணி நேரம் கடந்துதான் வந்தான். “மொதல்ல வந்தவரும் நானும் ஒண்ணுதான் பெரியப்பா. முடிச்சவங்க, அவ்வளவுதான்” என்றான். வழியில் சங்கிலி அறுந்து நின்ற ஒருவருக்காக அரை மணி நேரம் கூட நின்றானாம். அந்த அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் செயலி ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு நேரம் காட்டுகிறது. ஒன்று மொத்த நேரம், இன்னொன்று சைக்கிள் நகர்ந்துகொண்டிருந்த நேரம். பழைய செயலியிலும் இவை இருந்திருக்கும், நான்தான் பார்த்ததில்லை. இப்போது வீட்டுக்கு வந்ததும் முதலில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறேன். நான் நின்ற நேரம் அது. பன்னிரண்டு நிமிடம் என்றால் உத்தமர்சீலி டீக்கடை. நான்கு என்றால் மணலில் நின்ற நாரைக் கூட்டம். சில நாள் இரண்டுகூட இருக்காது. அன்று என்ன அவசரம் என்று யோசிப்பேன். குறிப்பு எழுதும் கட்டத்தில் நின்ற காரணத்தை ஒரு வரி எழுதி வைக்கிறேன்.

2024-இல் மேட்டூரில் தண்ணீர் போதாமல் ஜூன் மாதம் கடந்துபோனது. ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். அந்த ஆறு வாரமும் என் குறிப்புகளில் “மணல்”, “மணல்”, “மணல், வெயில்” என்றே இருக்கிறது.

2025-இல் மறுபடி ஜூன் 12. அந்த வாரம் தினமும் கிளம்பினேன். ஒரு காலை பனையபுரம் தாண்டியதும் கரையில் ஆட்கள் தெரிந்தார்கள். சைக்கிளை ஒரு புளியமரத்தில் சாய்த்துவிட்டு இறங்கினேன். செங்காவி நிறத்தில், சருகும் குச்சியும் உருட்டிக்கொண்டு, விளிம்பெல்லாம் நுரையாக வந்தது. மணல் அதை உறிஞ்சும் சத்தம் தனியாகக் கேட்டது, அடுப்பில் எண்ணெய் காய்வதுபோல. பள்ளத்தில் நிறையும், நிற்கும், பிறகு ஒரு மூலையில் வழிந்து அடுத்த பள்ளத்துக்குப் போகும். பக்கத்தில் நின்றவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி இரண்டு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். நானும் தெளித்துக்கொண்டேன்.

அம்மாவுக்குப் போன் செய்து, ஆற்றுப்பக்கம் நீட்டினேன். சற்றுநேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

“நுரைதான்” என்றாள். “வர்றப்ப ஒரு கட்டு வாழையிலை வாங்கிட்டு வா.”

அன்றைய பதிவில் தூரம் 19 கிலோமீட்டர். நின்ற நேரம் 52 நிமிடம்.