அந்த மெயிலை நான் திறக்கவில்லை

என் பிழையை இன்னொருவர் தலையில் கட்டினேன். சுற்றிவளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நியூயார்க்கில் ஓர் இன்ஷூரன்ஸ் நிறுவனம். அவர்களுடைய பழைய பாலிசி விவரங்களைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றும் வேலை. புரோகிராம் எழுதுவது சென்னையில், டெஸ்டிங் மணிலாவில். இரண்டுக்கும் நான்தான் மேனேஜர். தினமும் நியூயார்க் நேரம் காலை 10 மணிக்குப் பேசுவோம். நமக்கு அப்போது மாலை 7.30, மணிலாவில் இரவு 10. நவம்பரில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் நமக்கு 8.30, அவர்களுக்கு 11. எனக்குச் சாப்பாடு தள்ளிப்போகிறதே என்று அலுத்துக்கொண்டேன். அவர்கள் எப்போது தூங்குவார்கள் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. யாரும் வாய் திறக்காததைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் பேச்சு முடிகிற நேரத்தில் மணிலா டெஸ்டர், ஒரு பெண், தேதியைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். லைன் விட்டுவிட்டு வந்தது. பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. மெயில் போடச் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தேன். கால் மணி நேரத்தில் மெயில் வந்தது. நான் திறக்கவில்லை.

05/06 என்றால் மே 6ஆ, ஜூன் 5ஆ? இதைத்தான் கேட்டிருந்தார். அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் மாதத்தை முதலில் எழுதுவார்கள். நாம் நாளைத்தான் முதலில் எழுதுவோம். வருடம், மாதம், நாள் என்று எழுதும் ஐஎஸ்ஓ 8601 தரம் 1988 முதல் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தார்.

எங்கள் புரோகிராம் நம் வழக்கப்படி படித்தது. 20ஆவது மாதம் என்று ஒன்று கிடையாதே, அதனால் 05/20 போன்றவை பிழை காட்டி நின்றன. அவற்றை மட்டும் திருப்பிப் போட்டு, வேலை முடிந்தது என்றோம். நாள் 12க்குள் இருந்தவை சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன. பிரீமியம் நோட்டீஸ்கள் மாதம் மாறிப் போன பிறகுதான் தெரிந்தது.

டெஸ்டிங்கில் இது எப்படித் தப்பியது என்று க்ளையண்ட் கேட்டார். மணிலா டீமின் கவனக்குறைவு என்றேன். முந்தின இரவே அந்த மெயிலைத் தேடி எடுத்துப் படித்திருந்தேன். தெரிந்தேதான் சொன்னேன். அந்தப் பெண்ணும் லைனில் இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த மாதம் அவரை ப்ராஜெக்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு ஒப்புதல் கொடுத்துப் போன மெயில் என்னுடையது.