மிச்சம் 28

அக்கா மகள் காதுகுத்துக்கு வாங்கிய ரோலில் 8 படம்தான் தீர்ந்திருந்தது. மிச்சம் 28. அப்படியே கழுவக் கொடுத்தால் காசு வீண். சரியென்று யாஷிகா கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மாமாவோடு திருவனந்தபுரத்துக்கு இரவு ரயில் ஏறினேன். 2003. ஒரு பகல் சுற்றிவிட்டு அன்றிரவே திரும்புவதாகப் பேச்சு.

எங்கள் பெருமாட்டிக்காரர்களுக்குத் தலைநகரம் என்பது பாடப்புத்தகத்துச் சொல். துணிமணி, ஆஸ்பத்திரி, சினிமா எல்லாம் பொள்ளாச்சி, மிஞ்சினால் கோயமுத்தூர். தாத்தா காலத்தில் எங்கள் சித்தூர் கொச்சி ராஜாவின் சீமை, மலபார் ஜில்லாவுக்கு நடுவே தனியாகக் கிடந்த துண்டு. 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த பிறகுதான் திருவனந்தபுரம் எங்கள் கணக்கில் வந்தது. “கோயமுத்தூருக்கு ஒன்றரை மணி நேரம். இதுக்கு ஒரு ராத்திரி பூரா உக்காந்து வரோணும். இதென்னடா நம்ம தலைநகரம்?” தம்பானூரில் இறங்கியதும் மாமா சொன்ன முதல் வார்த்தை இது.

கிழக்கேகோட்டையில் பத்மநாபசுவாமி கோயில் கோபுரத்துக்கு இரண்டு படம். கோயில் குளத்துக்கு எதிரே மேத்தன் மணி என்ற கடிகாரம். மணி அடிக்கும்போது அதிலுள்ள தாடிக்கார முகம் வாய் பிளக்கும், இரண்டு ஆடுகள் வந்து கன்னத்தில் முட்டும். அதைப் பிடிக்கவென்று முக்கால் மணி நேரம் கழுத்து வலிக்க நின்றேன். ஆடு முட்டிய நேரத்தில் நான் ரோலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே குதிரமாளிகை, சுவாதித் திருநாள் கட்டியது. கூரைக்கடியில் 122 மரக்குதிரைகள். மாமா எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டார்.

சாலைக் கடைத்தெருவில்தான் எனக்கு மூச்சு வந்தது. காது நிறையத் தமிழ். மிளகாய் மூட்டையைப் படம் எடுக்கப் போனபோது கடைக்காரர், “எங்கேருந்து வாறியோ?” என்றார். பெருமாட்டி என்றதும் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. பிளாச்சிமடைப் பக்கம் என்றேன். “அந்தத் தண்ணிப் பிரச்சனை ஊரா!” கிணறு கெட்டுப்போன பிறகுதான் தலைநகரத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர் தெரிந்திருக்கிறது. மாமா மிளகாய் ஒன்றைக் கிள்ளிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்.

தலைமைச் செயலகம் 1869-ல் திறந்தது. எதிரே நிற்பது திவான் மாதவராவ் சிலை, கும்பகோணத்தில் பிறந்தவர். அந்த வெள்ளைத் தூண்களுக்கு மூன்று படம் ஒதுக்கியிருந்தேன். மாமாவோ அதற்கு முதுகைக் காட்டி, நடைபாதையோரப் போராட்டப் பந்தலைப் பார்த்து நின்றார். கம்பு, தார்ப்பாய், பாய், ஒரு குடம். பிளாச்சிமடையில் எங்கள் கிணறுகளைக் கெடுத்த குளிர்பான ஆலைக்கு எதிரே 2002 ஏப்ரல் 22-ல் போட்ட பந்தலும் இதே அச்சுதான். போராட்டத்தில் முன்நின்ற மயிலம்மாவும் மற்றப் பெண்களும் அன்றைக்கும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். “குடம்கூட அதே நெறம்டா” என்றார் மாமா. அழுத்திவிட்டேன்.

பாளையத்தில் புதிய சட்டமன்றக் கட்டிடம் மலைபோல் நின்றது. கடற்கரைக்குப் படம் மிச்சம் வேண்டுமே என்று அதை எடுக்கவில்லை.

சங்குமுகத்தில் சாகரகன்யகா சாய்ந்து கிடந்தாள். 87 அடி. எவ்வளவு பின்னால் போனாலும் கால் வெட்டுப்படும். கானாயி குஞ்ஞிராமன் செய்தது, நம்ம மலம்புழா யட்சியைச் செய்தவர் என்றதும் மாமாவுக்கு ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷம். “அந்தக் கை எங்கேயும் சும்மா இருக்காது போல” என்று சிரித்தார். கடைசிப் படத்தைச் சூரியனுக்கு நேராக எடுத்துக் கெடுத்தேன்.

பொள்ளாச்சியில் கழுவியதில் 19 தேறியது. இன்று கையில் இருப்பது ஒன்றுதான்: பந்தல், குடம், ஓரத்தில் மாமாவின் பாதி முதுகு. நான் எடுக்காமல் விட்ட அந்தக் கட்டிடத்தில்தான், 2011 பிப்ரவரி 24 அன்று, பிளாச்சிமடைக்காரர்களுக்கு இழப்பீடு வாங்கித்தரத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதா நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை.