பியானோ பழக வந்த போர்வீரன்

வெள்ளி, இரவு

நெட்ஃபிளிக்ஸில் 'புளூட்டோ' தொடரின் முதல் அத்தியாயம் இப்போதுதான் முடிந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளம். ஜப்பானிய மொழியிலேயே, சப்டைட்டிலோடு பார்த்தேன். இப்போதைக்குத் தூக்கம் வராது. எழுதிவிடுகிறேன்.

சுவிட்சர்லாந்தின் மலைக்காட்டில் தீ. அங்கே மான்ட் பிளாங்க் என்ற ராட்சத ரோபோ சிதைந்து கிடக்கிறான். உலகின் தலைசிறந்த ஏழு ரோபோக்களில் ஒருவன், மலையேறுவோருக்கு வழிகாட்டி. எப்படி வீழ்ந்தான் என்று படம் காட்டவில்லை. அவனுக்காக அழுகிற ஊரைக் காட்டுகிறது. ஜெர்மனியில் ஒரு மனிதரும் கொல்லப்படுகிறார். இரண்டு இடத்திலும் தலைக்கருகே கொம்புபோல் எதையோ நட்டுவிட்டுப் போயிருக்கிறான் கொலையாளி. விசாரிக்க வருபவர் கெசிக்ட், யூரோபோல் துப்பறிவாளர். அவரும் ரோபோதான்.

என்னை முதலில் உலுக்கியது இந்த வழக்கு அல்ல. பணியில் அழிந்துபோன ஒரு காவல் ரோபோவின் மனைவியிடம் சேதி சொல்ல கெசிக்ட் போகிறார். அவள் பழைய மாடல் வீட்டுவேலை ரோபோ. இரும்பு முகம், உதடு துடிக்காது, கண் கலங்காது. வரைந்தவர்கள் அதை மாற்றவே இல்லை. துயரம் தரும் நினைவுகளை அழித்துவிடட்டுமா என்று கெசிக்ட் கேட்கிறார். வேண்டாம் என்கிறாள். பிறகு கணவனின் நினைவுச் சில்லை அவர் கொண்டுவந்து அவளுக்குள் பொருத்துகிறார். கண்ணீர் காட்ட வழியே இல்லாத ஒரு முகத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு அழவைக்க முடியுமா? முடிந்திருக்கிறது.

சனி, காலை

நேற்று எழுதாமல் விட்டது நார்த் நம்பர் 2. அத்தியாயத்தின் பிற்பகுதி முழுக்க அவனுடையது.

ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டை. பால் டங்கன் என்ற பார்வையிழந்த முதிய இசையமைப்பாளர் தனியாக வாழ்கிறார். சிடுசிடுப்பான மனிதர். அவருக்குப் பணிவிடை செய்ய வருகிறான் அந்த ஏழு ரோபோக்களில் இன்னொருவனான நார்த் நம்பர் 2. போரில் எண்ணற்ற ரோபோக்களை அழித்தவன். உடம்பு முழுக்க ஆயுதம் என்பதால் எப்போதும் நீண்ட அங்கி போர்த்தியிருக்கிறான். அவனுடைய ஒரே ஆசை பியானோ கற்றுக்கொள்வது. இயந்திரத்துக்கு எப்படி இசை வரும் என்று கிழவர் சீறுகிறார், பியானோவைத் தொடாதே என்று விரட்டுகிறார். இனிப் போர்க்களத்துக்குப் போக விருப்பமில்லை, அதனால்தான் வாசிக்க ஆசைப்படுகிறேன் என்கிறான் அவன்.

கிழவர் தூக்கத்தில் ஒரு மெட்டை முணுமுணுக்கிறார். அதைக் கேட்டு வைத்துக்கொண்டு, அவர் பிள்ளைப் பருவத்தைக் கழித்த பொஹீமியாவுக்கே போய் வருகிறான் நார்த் நம்பர் 2. தாய் தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சுமந்த கசப்பு பொய் என்று தெரிகிறது. இனி சேர்ந்து வாசிக்கலாம் என்கிற நேரத்தில் எதிரி வந்துவிடுகிறான். அந்தச் சண்டையும் நமக்குச் சரியாகத் தெரிவதில்லை. எங்கோ உயரத்தில் வெடிச்சத்தம், கூடவே ஒரு பாட்டு. கீழே கிழவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தத் தொடருக்கு அடிப்படையான மாங்காவில், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையில், அந்த மெட்டு வாசகர் மனத்துக்குள் மட்டுமே ஒலித்தது. திரையில் அதைக் காதால் கேட்கவைத்தாக வேண்டும். சுமாராக அமைந்திருந்தால் முழுக் கதையும் சரிந்திருக்கும். இசையமைப்பாளர் யூகோ கன்னோ அதை எளிமையாக, ஒரு தாய் முணுமுணுக்கக்கூடிய அளவிலேயே வைத்திருக்கிறார். நல்ல முடிவு.

சனி, மாலை

மூலக் கதை ஒசாமு தெஸுகாவுடையது. அவருடைய 'ஆஸ்ட்ரோ பாய்' வரிசையில் 1964-65இல் வந்த ஒரு கதை. சிறுவர்களுக்கான பரபரப்பான சண்டைக் கதை அது: புளூட்டோ என்ற கொம்புள்ள ரோபோ ஏழு பேரையும் ஒவ்வொருவராக வீழ்த்தப் புறப்படுகிறான். அதையே நவோகி உரசாவா 2003 முதல் 2009 வரை கொலை விசாரணையாக மாற்றி எழுதினார். தெஸுகாவிடம் கெசிக்ட் சிறு பாத்திரம். இங்கே அவர் கண் வழியாகத்தான் கதை நகர்கிறது. எட்டுத் தொகுதி மாங்கா, 2023 அக்டோபரில் எட்டு அத்தியாயத் தொடராக வந்தது. தயாரிப்பை முன்னின்று நடத்திய மசாவோ மருயாமா, 1960களில் தெஸுகாவின் ஸ்டுடியோவில் தொழில் தொடங்கியவர்; தொடர் வெளியானபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

2003 என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில்தான் ஈராக் மீது படையெடுப்பு. கதையில் ஒரு வல்லரசு, பாரசீக நாட்டிடம் பேரழிவு ரோபோக்கள் இருப்பதாகக் குற்றம்சாட்டிப் போர் தொடுக்கிறது. தேடப் போனவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. உரசாவா யாரைச் சொல்கிறார் என்று விளக்கத் தேவையில்லை. அந்தப் போருக்குப் போக மறுத்த எப்சிலான் என்ற ரோபோவையும் ஏழு பேரில் ஒருவனாக வைத்திருக்கிறார்.

ஞாயிறு, இரவு

இரண்டாவது அத்தியாயம். கெசிக்ட்டும் ஆட்டம் என்ற சிறுவன் ரோபோவும் சந்திக்கிறார்கள். ஆட்டம்தான் பழைய ஆஸ்ட்ரோ பாய். ஆனால் கூர்கூரான அந்தத் தலைமுடி இல்லை. பள்ளிச் சிறுவன்போல் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறான். துருக்கியில் மல்யுத்த ரோபோ பிராண்டோ. மனைவி, குழந்தைகள் என்று வீடு நிறைந்த குடும்பஸ்தன். எதிரியோடு அவன் போராடும்போது மற்ற ரோபோக்களுக்கு அவனிடமிருந்து துண்டு துண்டாகச் சேதிகள் வந்துசேர்கின்றன. நாமும் அவர்களோடு சேர்ந்து அந்தத் துண்டுகளைத்தான் பார்க்கிறோம். சண்டைக்கென்றே பிறந்த கதையில் சண்டையை இப்படி ஒளித்துவைக்கத் துணிச்சல் வேண்டும். அடிப்பவனின் பலத்தைவிட, விழுந்தவன் யாருக்கு என்னவாக இருந்தான் என்பதுதான் மனத்தில் தங்குகிறது.

குறையும் உண்டு. கிராஃபிக்ஸில் செய்த வண்டிகளும் சில எந்திரங்களும் கையால் வரைந்த முகங்களுக்கு நடுவே ஒட்டாமல் நிற்கின்றன. விசாரணைக் காட்சிகளில் பேச்சு நீள்கிறது. முகங்களுக்கு முன்னால் இதெல்லாம் பெரிய விஷயமல்ல.

இனிப் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் அத்தியாயத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். நார்த் நம்பர் 2 கதை முடியும்வரை இருங்கள். அடுத்த அத்தியாயம் தானாக ஓடும் வசதியை முன்கூட்டியே அணைத்துவிட்டு உட்காருங்கள்.