சம்பா கோயிலின் வட பக்கம்

புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் 'அமலோற்பவ அன்னை பேராலயம்' என்றால் ஆட்டோக்காரர் யோசிக்கிறார். 'சம்பா கோயில்' என்றால் உடனே வண்டியை எடுக்கிறார். நெல்லுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. சின்னப்பரின் போர்த்துகீசியப் பெயர் ஊர் வாயில் தேய்ந்து சம்பா ஆகிவிட்டது. 1761இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்தபோது பழைய கோயிலும் போயிற்று. இப்போது மிஷன் வீதியில் நிற்பது 1791இல் மந்திரித்துத் திறந்தது.

*

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு, 1745 அக்டோபர். அந்தப் பழைய கோயிலுக்குள் வட பக்கம் ஒரு சுவர் இருந்திருக்கிறது. அதற்கு அந்தண்டை சேரிக் கிறிஸ்தவர்கள். இந்தண்டை சாதிக் கிறிஸ்தவர்கள், சட்டைக்காரர்கள் என்கிற கலப்பினத்தவர், வெள்ளைக்காரர்கள். காரைக்காலிலிருந்து வந்த சாமியார் ஒருவர் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சேரி மக்களிடம் பேசிக் கிளப்பிவிட்டார். அவர்கள் பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, ஆண்டவர் பார்க்காத பேதத்தை நீங்கள் எப்படி ஒத்துக்கொண்டீர்கள் என்ற தோரணையில் கேட்டிருக்கிறார்கள். அவரும் கேட்டது நியாயம்தான் என்று சுவரை இடிக்கச் செய்தார். அன்று மாலை செபத்துக்கு எல்லோரும் கலந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு கேள்வியில் விழுகிற சுவர்தான். கேட்க வைப்பதற்கு வெளியூர்ச் சாமியார் வரவேண்டியிருந்தது.

(பிள்ளை வைணவர். பிரெஞ்சுக்காரர்களின் தலைமைத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த கனகராய முதலியாருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர். முதலியார் வீட்டுக் கதை வரும் இடங்களில் காரம் ஒரு சிட்டிகை தூக்கலாக இருக்கலாம்.)

*

ரோமாபுரிக்கு இந்தச் சங்கதி புதிதல்ல. பாப்பு அனுப்பிய தூர்னோன் 1704இல் புதுச்சேரியிலேயே உட்கார்ந்து எழுதிய ஆணையில், சேரிக் குடிசைக்குள் போய் நோயாளிக்குத் திருவருட்சாதனம் கொடுக்கச் சாமியார்கள் தயங்கக்கூடாது என்று இருக்கிறது. நாற்பது வருஷ இழுபறி. 1744இல் பாப்பு பதினான்காம் பெனடிக்ட் முடித்து வைத்தார். எப்படி? சேரி மக்களுக்கென்று தனிச் சாமியார்கள்! செங்கல் சுவருக்குப் பதில் ஆள் சுவர்.

*

மறுபடியும் 1745. சுவர் விழுந்த அதே நாட்களில், கனகராய முதலியார் குடும்பத்துப் பெண் ஒருத்தி மெல்லிய மஸ்லின் உடுத்தி, நகையும் வாசனையுமாகக் கோயிலுக்கு வந்தாள். கோயிலிலிருந்த சாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, நீ குடும்பப் பெண்ணா தாசியா என்கிற மாதிரி ஏசி வெளியே அனுப்பினார். பெண்கள் இனி மெல்லிய துணி உடுத்தக் கூடாதென்று ஊர்ப் பெரியவர்களிடம் கண்டிப்பும் செய்தார். அவர்கள் கொதித்து எழுந்தார்கள், கோயிலுக்கே வரமாட்டோம் என்றார்கள். கவர்னர் துய்ப்ளேக்ஸ் கூட்டம் கூடத் தடை போட்ட பிறகுதான் அடங்கினார்கள்.

கோபம் துணிக்காகவா, சுவருக்காகவா? துணியைச் சொல்லிச் சண்டை போடலாம், மானப் பிரச்சினை. சுவரைச் சொல்லிப் போட நாக்குக் கூசியிருக்கும். சாமியாரும் லேசுப்பட்டவர் இல்லை. கோயிலில் எளிமை வேண்டும் என்று யார் ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரு பெண்ணின் புடவையில்தான் போய் நிற்கிறார்கள்.

*

அடுத்த மாதமே, நவம்பர் 30, அந்திரேயா திருநாள். முதலியார் தான் கட்டிய கோயிலுக்காக ரெட்டியார்பாளையத்தில் ஊரையே அழைத்து விருந்து வைத்தார். பிராமணர் முதல் எண்ணெய் வாணியர் வரை அழைப்பு. சமையலும் பந்தியும் மட்டும் அவரவர் வழக்கப்படி தனித்தனி. துய்ப்ளேக்ஸும் மனைவியோடு வந்தார். மூன்று மாதம் ஆவதற்குள், 1746 பிப்ரவரியில், முதலியார் காலமானார். அந்தக் கோயில் பெயர் இன்றும் அந்திரேயா கோயில்தான்.

*

எறையூர். விழுப்புரம் பக்கம் போகும்போதெல்லாம் நினைவுக்கு வருகிற பெயர். புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்து ஊர்தான். தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராடியதில் 2008 மார்ச்சில் கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூடு, 2 பேர் சாவு. 1745இல் சேர்ந்து உட்கார வேண்டும் என்று கேட்டார்கள். 263 வருஷம் கழித்து, எங்களைத் தனியாக விட்டால் போதும் என்று கேட்க வேண்டிய நிலை. இந்த இரண்டு வருஷங்களையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருக்கிறேன்.

*

ஞாயிறு மாலைப் பூசைக்குச் சம்பா கோயில் போனேன். வேண்டுமென்றே வட பக்கம் போய் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு அம்மா, கையில் பூக்கூடையோடு வந்து, "தம்பி, இங்க யாராவது வர்றாங்களா?" என்றார். இல்லை என்று நகர்ந்துகொண்டேன். கூடையைக் காலடியில் வைத்துவிட்டு, சாமியார் பாதிப் பிரசங்கத்தில் இருக்கும்போதே, மணி என்ன என்று கேட்டார்.