வரி இல்லை, கணக்கு உண்டு

தாராவியில் விடியுமுன் இட்லிக் கொப்பரைகளில் ஆவி பறக்கத் தொடங்கிவிடுகிறது. பொழுது புலர்ந்ததும் அலுமினியப் பாத்திரங்கள் சைக்கிளில் ஏறி நகருக்குள் புறப்படுகின்றன. மாலையில் வசூலை எண்ணி, அரிசிக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு, ஊருக்கு இவ்வளவு என்று பிரிப்பவர் பெரும்பாலும் வீட்டு அம்மாதான். அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் தப்பாது. ஆனால் வருமான வரி என்று பேச்செடுத்தால், "அதெல்லாம் மாட்டுங்கா, செம்பூர் ஆபீசர்களுக்கு" என்று பேச்சு முடிந்துவிடும்.

நீண்ட காலம் அது உண்மையாகவும் இருந்தது. 1860இல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் வருமான வரியைக் கொண்டுவந்த நாளிலிருந்து, அது சம்பளக்காரரின் தலைவலி. 1973-74இல் உச்ச வரி விகிதம் 97.75 சதவீதம், உச்சத்தில் இருந்தவருக்கு நூறு ரூபாய் சம்பாதித்தால் இரண்டேகால் ரூபாய் மிச்சம். 1997இல் ப. சிதம்பரம் 10, 20, 30 சதவீதம் என்று மூன்றே படிகளாக்கினார். ஆர்.கே. சண்முகம் செட்டியார் முதல் தமிழர்கள் பலர் அமர்ந்த அந்த நாற்காலியிலிருந்து, மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் 2025 பிப்ரவரியில் அறிவித்தார்: புதிய முறையில் ரூ. 12 லட்சம் வரை வரி இல்லை. சம்பளக்காரருக்கு ரூ. 75,000 நிரந்தரக் கழிவும் சேர்ந்து ரூ. 12.75 லட்சம் வரை.

செய்தி காதில் விழுந்த வேகத்தில் பாதி தவறிப்போனது. முழு விலக்கு முதல் ரூ. 4 லட்சத்துக்கு மட்டுமே. அதற்கு மேல் வரி கணக்கிடப்படுகிறது, ரூ. 12 லட்சம் வருமானத்துக்கு அது ரூ. 60,000. அந்தத் தொகையைத்தான் அரசு தள்ளுபடி செய்கிறது. தள்ளுபடி பெற ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்குப் புதிய முறையில் இந்தத் தள்ளுபடி பொருந்தாது. வரி இல்லை என்பது வேறு, கணக்கு வேண்டாம் என்பது வேறு.

இதில் அதிகம் இழப்பவர் செம்பூர் ஆபீசர் அல்ல, தாராவி வியாபாரிதான். நாளொன்றுக்கு ரூ. 5,000 விற்கும் இட்லிக்காரருக்கு 300 நாளில் விற்பனை ரூ. 15 லட்சம். சிறு வியாபாரிகளுக்கான அனுமான வரித் திட்டத்தில் கணக்குப் புத்தகம் தேவையில்லை. ரொக்க விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழியோ போன் வழியோ வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும். எல்லாம் ரொக்கமென்றால் ரூ. 1.2 லட்சம். வரி கிடையாது.

ஆனால் அது குறைந்தபட்சம்தான். உண்மையில் ரூ. 4.5 லட்சம் மிஞ்சுகிறது என்றால் அதையே காட்ட வேண்டும். காட்டினாலும் வரி பூஜ்யம்தான். வித்தியாசம் வங்கி வாசலில் தெரியும். வீட்டுக் கடனோ, மகளின் கல்விக் கடனோ கேட்டுப் போனால் மேனேஜர் கேட்பது இரண்டு மூன்று வருட ரிட்டர்ன். சீட்டு நோட்டு எவ்வளவு நாணயமானதாக இருந்தாலும் அந்த மேஜையில் செல்லாது. பிறகு கந்துவட்டிதான் கதி. பயந்து ஒளித்த வருமானம் கடைசியில் வட்டியாகப் போகிறது.

செம்பூரில் சிக்கல் வேறு. உர ஆலையிலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலும் அணுசக்தி ஆராய்ச்சி மையத்திலும் வேலை பார்த்த தலைமுறைக்கு மார்ச் மாதம் என்றால் எல்.ஐ.சி. ஏஜென்டும் போஸ்டாபீஸ் பத்திரமும்தான். வரிக்குப் பயந்து சேமித்தார்கள். ரூ. 15 லட்சம் சம்பளம் வாங்கும் மகனுக்கு இன்று புதிய முறையில் வரி, செஸ் சேர்த்து ரூ. 97,500. பழைய முறையில் வீட்டு வாடகைக்கு ரூ. 3 லட்சம், 80சி சேமிப்பு ரூ. 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு ரூ. 25,000 என்று எல்லாம் கழித்தாலும் ரூ. 1,11,800. புதியதே லாபம். ஆனால் அது சேமி என்று யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. மிச்சமான வரிப்பணம் தவணையில் வாங்கிய போனுக்குப் போகிறதா, பி.பி.எஃப்.புக்குப் போகிறதா என்பதை இனி வீடுதான் தீர்மானிக்க வேண்டும்.

மாட்டுங்காவின் பெரியவர்களுக்கு டெபாசிட் வட்டிதான் சம்பளம். மனைவி பெயரில் போட்டுவிட்டால் வரி தப்பும் என்ற நம்பிக்கை அங்கே தலைமுறை பழையது. கணவர் கொடுத்த பணத்தில் வரும் வட்டி கணவர் வருமானத்தோடுதான் சேரும் என்கிறது சட்டம். நகை விஷயத்திலும் இப்படியொரு பிரமை உண்டு. மணமான பெண்ணுக்கு 500 கிராம் என்று 1994இல் வந்த உத்தரவு, சோதனையின்போது அதுவரை பறிமுதல் செய்ய வேண்டாம் என்பதுதான். அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும் இல்லை, அதுவரை யாரும் கேட்க முடியாது என்றும் இல்லை.

மொய்யிலும் நுணுக்கம் இருக்கிறது. கல்யாணத்தில் மணமக்களுக்கு வரும் மொய்க்கு வரி கிடையாது. காதுகுத்துக்கு அந்தச் சலுகை இல்லை. உறவினர் அல்லாதவர்கள் தந்தது வருடத்தில் ரூ. 50,000ஐத் தாண்டினால் முழுவதும் வருமானம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது பெயர். மும்பையில் எந்தக் கவுன்டரிலும் முதல் கேள்வி "ஆட்னாவ்?" என்பதுதான். தமிழனுக்கு ஏது குடும்பப் பெயர்? பான் விண்ணப்பத்தில் இனிஷியலுக்கு இடமில்லை. அப்பா பெயர் கடைசிப் பெயராகி, அதன் முதல் எழுத்து பான் எண்ணின் ஐந்தாவது எழுத்தாகிறது. ஆதாரிலோ இனிஷியலோடு நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் இணைக்கப்படாத பான்கள் 2023 ஜூலை முதல் செயலிழந்தன. அப்படிப்பட்டவருக்கு ரீஃபண்ட் வராது, பிடித்தமும் அதிகம். பெயரை ஒரே மாதிரி திருத்திக்கொள்வதே முதல் வரித் திட்டம்.

1961ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்று குழப்பிய இரண்டு சொற்களுக்குப் பதில் 'வரி ஆண்டு' என்ற ஒரே சொல். சட்டம் தன் மொழியைக் கொஞ்சம் எளிதாக்கிக்கொண்டிருக்கிறது. வீடுகளில் மட்டும் பாஸ்வேர்டும் பாலிசி எண்ணும் இன்னும் ஆண்பிள்ளையின் தலைக்குள்தான் இருக்கின்றன. அரிசிக்கும் சீட்டுக்கும் பைசா பிசகாமல் கணக்கு வைப்பவரிடம் அவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.